தீர விசாரிக்க ஒரு ராத்திரி வேண்டும்

குதிரையில் இரண்டு பேர் ஒரு சின்ன ஊருக்குள் வருகிறார்கள். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு நாய் மட்டும் அவசரமே இல்லாமல் குறுக்கே போகிறது. வந்தவர்கள் மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், கொஞ்சம் வம்பளக்கிறார்கள். சற்று நேரத்தில் ஒருவன் குதிரையை விரட்டிக்கொண்டு வந்து சேதி சொல்கிறான்: பண்ணைக்காரர் கின்கெய்டைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், அவருடைய மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

1943-இல் வந்த 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' இப்படித்தான் தொடங்குகிறது. வில்லியம் வெல்மன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஹென்றி ஃபோண்டா நடித்தது. ஓடும் நேரம் 75 நிமிடம்தான். கதை நடப்பது 1885-இல், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில். செய்யாத குற்றத்துக்காக மாட்டிக்கொள்ளும் மனிதனைப் பற்றிய வெஸ்டர்ன் படங்கள், அதாவது கௌபாய் படங்கள், எத்தனையோ உண்டு. இந்த வகைக்குப் புதியவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். சட்டப் புத்தகங்களில் வறட்சியாகத் தெரியும் ஒரு கருத்து இதில் உயிரும் சதையுமாக நடமாடுகிறது. அந்தக் கருத்துக்குப் பெயர் 'உரிய நடைமுறை'. முடிவு உட்பட முழுக் கதையையும் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உரிய நடைமுறை என்பது பெரிய மர்மம் இல்லை. ஒருவரைத் தண்டிக்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. என்ன குற்றம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். சாட்சிகளை அவர் எதிரிலேயே விசாரிக்க வேண்டும். புகார் சொன்னவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொருள் இருக்கிறது: நேரம். வழக்கு இழுக்கிறது, வாய்தா மேல் வாய்தா போகிறது என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் செய்யாத குற்றத்தில் மாட்டியவனுக்கு உண்மை வந்து சேரும்வரை உயிரோடு இருப்பது ஒன்றுதான் கதி. நடைமுறை அவனுக்கு வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான்.

இப்போது 1885-க்குப் போவோம். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஷெரீப், டெபுடி எல்லாம் பழகிய சொற்கள். மற்றவர்களுக்காக: ஷெரீப் என்பவர் கவுண்டிக்கு, அதாவது ஒரு மாவட்டத்துக்கு, மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. டெபுடி அவருக்குக் கீழே உள்ளவர். கவுண்டியோ பரந்து விரிந்தது. ஷெரீபுக்குக் கீழே பெரிய காவல் படை எதுவும் கிடையாது. குற்றவாளியைத் துரத்த ஆள் வேண்டுமென்றால் ஊராரைத்தான் கூப்பிட வேண்டும். அப்படித் திரளும் கூட்டத்துக்குப் பெயர் போஸி. 'கவுண்டியின் பலம்' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதல் சொல் அது. இங்கிலாந்தின் பழைய சட்ட வழக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனது.

போஸி சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஷெரீப் கூப்பிட்டால் அது போஸி, தானாகத் திரண்டால் கும்பல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதே குதிரைகள், அதே துப்பாக்கிகள், அதே முகங்கள். படத்தில் ஷெரீப் ஊரில் இல்லை. அவருடைய டெபுடி மேப்ஸ் என்பவன் எல்லோரையும் கையைத் தூக்கச் சொல்லி அங்கேயே பிரமாணம் செய்துவைக்கிறான். டெபுடிக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ஊர் நீதிபதி எடுத்துச் சொல்கிறார். யாரும் காதில் வாங்குவதில்லை. பிடித்தவனை உயிரோடு கொண்டுவாருங்கள், முறைப்படி விசாரிக்கலாம் என்று கெஞ்சுவதைத் தவிர அவரால் எதுவும் முடியவில்லை. சட்டத்தின் குரல் அந்தத் தெருவில் எவ்வளவு மெலிந்து ஒலிக்கிறது என்பதை வெல்மன் ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார்.

மாடு விஷயத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய மேற்கில் பெரும்பகுதி வேலி இல்லாத மேய்ச்சல் நிலம். பல பண்ணைகளின் மாடுகள் கலந்து மேயும். எது யாருடையது என்று சொல்வது தோலில் போட்ட சூட்டுக்குறி. மாடு கைமாறினால் விற்றவர் ஒரு கிரயச் சீட்டு எழுதித் தர வேண்டும். வேறொருவரின் குறியுள்ள மாடு உங்களிடம் இருந்து, கையில் சீட்டு இல்லையென்றால் நீங்கள் திருடன் என்றே வைத்துக்கொள்வார்கள். பண்ணைக்காரனின் மொத்தச் சொத்தும் நான்கு காலில் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் மாட்டுத் திருட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே கயிற்றைத் தேடினார்கள்.

இது கற்பனை இல்லை. 1889 ஜூலையில் வயோமிங்கில் எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜிம் ஏவரெல் என்பவரையும் பெரிய பண்ணைக்காரர்கள் சிலர் பிடித்துப்போய்த் தூக்கிலிட்டார்கள். மாட்டுத் திருட்டு என்று காரணம் சொன்னார்கள். பத்திரிகைகள் அந்தப் பெண்ணை நடத்தை கெட்டவள் என்று எழுதின. தூக்கிலிட்டவர்கள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. வெகுகாலம் கழித்துப் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள், அவர் தன் சொந்த நிலத்தில் சொந்த மாடு வளர்த்தவர், சுற்றியிருந்த பெரிய பண்ணைக்காரர்களுக்கு அந்த நிலம் இடைஞ்சலாக இருந்தது என்று எழுதினார்கள். அவர் பெயர் துடைக்கப்பட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

படத்துக்குத் திரும்புவோம். கும்பல் கிளம்புகிறது. முன்னால் போகிறவர் டெட்லி. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதிப் படையின் மேஜர் சீருடையை இன்னும் கழற்றாதவர். மென்மையான தன் மகனை ஆண்பிள்ளை ஆக்கிக் காட்டுகிறேன் என்று அவனையும் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு வருகிறார். செத்தவனின் நண்பன் ஒருவன் ஆத்திரத்தோடு வருகிறான். வேடிக்கை பார்க்கச் சிலர் வருகிறார்கள். கடைக்காரர் டேவிஸ் என்ற கிழவர் எப்படியாவது தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வருகிறார். ஸ்பார்க்ஸ் என்ற கறுப்பினத்தவர் பிரார்த்தனை சொல்ல வருகிறார். சிறுவயதில் தன் அண்ணனையே இப்படி ஒரு கும்பல் கொன்றதைப் பார்த்தவர் அவர். ஃபோண்டா நடிக்கும் கில் கார்ட்டரும் அவன் கூட்டாளி ஆர்ட்டும் வருவதற்குக் காரணம் வேறு. அவர்கள் வெளியூர்க்காரர்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் தங்கள் மேலேயே திரும்பிவிடுமோ என்ற பயம். கும்பலில் எல்லோரும் வெறியர்கள் இல்லை. பாதிப் பேர், தனியாக நிற்கத் தைரியம் இல்லாமல் கூடவே நடந்தவர்கள்.

ராத்திரியில் ஆக்ஸ்-போ பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேரைப் பிடிக்கிறார்கள். டொனால்ட் மார்ட்டின் என்ற இளைஞன், ஹுவான் மார்ட்டினெஸ் என்ற மெக்சிகோக்காரன், புத்தி சற்றுத் தடுமாறிய ஒரு கிழவர். டேனா ஆண்ட்ரூஸ், ஆன்டனி குயின், ஃபிரான்சிஸ் ஃபோர்ட் நடித்திருக்கிறார்கள். படத்தின் உயிர் இந்த இரவில் இருக்கிறது. விளக்கவேண்டிய கருத்தும் இங்கேதான் இருக்கிறது, அதனால் மெதுவாகப் போவோம்.

முதல் சாட்சியம்: மார்ட்டினிடம் கின்கெய்டின் குறி போட்ட மாடுகள் இருக்கின்றன, கிரயச் சீட்டு இல்லை. மேய்ச்சல் நிலத்திலேயே கின்கெய்டைப் பார்த்து வாங்கினேன், சீட்டைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார் என்கிறான். கின்கெய்ட் இந்தப் பருவத்தில் மாடு விற்கவே இல்லையே என்கிறது கும்பல். இரண்டாவது: கின்கெய்டின் துப்பாக்கி மார்ட்டினெஸிடம் இருக்கிறது. வழியில் கிடந்தது, எடுத்தேன் என்கிறான். மூன்றாவது: மார்ட்டினெஸ் வேறு பெயரில் வேறு விவகாரங்களில் அடிபட்டவன், தப்பி ஓடவும் பார்க்கிறான். நான்காவது: மிரட்டியதில் நடுங்கிப்போன கிழவர், கொலையை அவன்தான் செய்தான் என்று மெக்சிகோக்காரனைக் கைகாட்டுகிறார்.

நீங்கள் அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நானாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், அதை மறைக்க மாட்டேன். மார்ட்டினின் கதை உண்மையிலேயே பலவீனமானது. படத்தின் நேர்மை இங்கே இருக்கிறது. அப்பாவியின் நெற்றியில் அப்பாவி என்று எழுதி ஒட்டவில்லை. சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே இருக்கும் தூரத்தைக் கடப்பதற்குத்தான் நடைமுறை என்ற பாலம் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பாலம் எவ்வளவு நீளம் என்று கணக்குப் பாருங்கள். கின்கெய்ட் உண்மையில் செத்தாரா? கும்பலில் ஒருவர்கூட உடலைப் பார்க்கவில்லை. பண்ணைக்கு ஒருவன் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மார்ட்டின் சொல்வதுபோல் அவனுக்கு பைக்ஸ் ஹோல் என்ற ஊரில் வீடும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்களா? ஒருவன் குதிரையில் போனால் தெரிந்துவிடும். அதைத்தான் மார்ட்டினும் கேட்கிறான், ஆளனுப்பிப் பாருங்கள் என்று. மூன்று உயிருக்கும் மரணத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு குதிரைச் சவாரி.

கும்பல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏன்? பொறுமை இல்லாததால் என்று மட்டும் சொல்ல மாட்டேன். நேரம் போனால் சூடு ஆறிவிடும் என்று டெட்லிக்குத் தெரியும். காலை வெளிச்சத்தில், சாப்பிட்டு முகம் கழுவிய பிறகு, இதே ஆட்களைக் கொண்டு இந்தக் காரியத்தைச் செய்விக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல்கள் இழுத்தடிப்பார்கள், குற்றவாளி தப்பிவிடுவான் என்ற வாதம் அவர்கள் வாயில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் காலத்துக் கும்பலும் சொல்லும் வாதம் அது. அதைச் சொல்பவர்கள் தங்களைக் கொலைகாரர்களாக நினைத்துக்கொள்வதில்லை. சட்டம் செய்யத் தவறிய வேலையைத் தாங்கள் செய்வதாக மனமார நம்புகிறார்கள்.

மார்ட்டின் மனைவிக்குக் கடைசிக் கடிதம் எழுதுகிறான். டேவிஸ் அதைப் படித்துப் பார்த்து, இப்படி எழுதுகிறவன் கொலைகாரனாக இருக்க முடியாது, எல்லோரும் ஒரு தடவை இதைப் படியுங்கள் என்று கேட்கிறார். அதற்கு மார்ட்டினே கோபப்படுகிறான். என் மனைவிக்கு எழுதியது, ஊர் படிப்பதற்கு இல்லை என்கிறான். உயிர் போகும் நேரத்திலும் அந்த ஒன்றை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. படத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இது.

பிறகு வாக்கெடுப்பு. விசாரணைக்கு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கமாக வந்து நில்லுங்கள் என்கிறார் டெட்லி. டேவிஸ் நகர்கிறார், ஸ்பார்க்ஸ் நகர்கிறார், கில்லும் ஆர்ட்டும், டெட்லியின் மகனும். மொத்தம் ஏழு பேர். மற்றவர்கள் அசையவில்லை. பெரும்பான்மை முடிவு செய்தாயிற்று. வாக்கெடுப்பு நடந்ததாலேயே இது நியாயம் ஆகிவிடுமா? நடைமுறை என்ற கருத்தைப் புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்பது கை தூக்கி முடிவு செய்யும் விஷயம் இல்லை. ஊரே ஒரு பக்கம் நின்றாலும் தனி ஒருவனுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்புதான் நடைமுறை.

விடிகிறது. மூன்று பேரையும் தூக்கில் ஏற்றுகிறார்கள். திரும்பும் வழியில் ஷெரீப் எதிரே வருகிறார். கின்கெய்ட் சாகவில்லை. சுட்டவர்களையும் பிடித்தாகிவிட்டது.

இந்த வகைப் படங்களில் வழக்கமான பாதை வேறு. 1968-இல் வந்த 'ஹேங் எம் ஹை' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டையும் இதே மாட்டுத் திருட்டுப் பழியில் தூக்கில் தொங்கவிடுவார்கள். ஆனால் உயிர் போவதற்குள் கயிற்றை அறுக்க ஒருவர் வந்துவிடுவார். பிழைத்தவன் மார்ஷல், அதாவது கூட்டாட்சி அரசின் காவல் அதிகாரி, ஆகி, தன்னைத் தொங்கவிட்டவர்களைத் தேடிப் போவான். 1960-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'சார்ஜன்ட் ரட்லெட்ஜ்' படத்தில், கொலையும் பாலியல் வன்கொடுமையும் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினப் படைவீரனுக்கு ராணுவ நீதிமன்றம் கிடைக்கும். சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறப் பழைய நிகழ்ச்சிகள் விரியும், கடைசியில் உண்மை வெளியே வரும். ஒருவனுக்குத் தற்செயலாக நேரம் கிடைத்தது, இன்னொருவனுக்கு நீதிமன்றத்தால் நேரம் கிடைத்தது. மார்ட்டினுக்கு இரண்டும் இல்லை. அதனால் ஆக்ஸ்-போவில் பழியைத் துடைத்துக்கொள்ளப் புறப்படும் நாயகன் கிடையாது. பிராயச்சித்தம் தேட வேண்டிய கடன், உயிரோடு இருப்பவர்கள் தலையில் விழுகிறது.

ஃபோண்டாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் வளர்ந்தவர். 1919 செப்டம்பர் 28 அன்று, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கியதாகப் பழி சுமத்தப்பட்ட வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளியை, பெருங்கும்பல் ஒன்று நீதிமன்றக் கட்டடத்துக்கே தீ வைத்து வெளியே இழுத்தது. தடுக்க வந்த நகர மேயர் எட்வர்ட் ஸ்மித்தின் கழுத்திலும் கயிற்றை மாட்டினார்கள், அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். வில் பிரவுனைத் தூக்கிலிட்டு, சுட்டு, உடலை எரித்தார்கள். எதிரே இருந்த அச்சகத்தின் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அச்சக உரிமையாளரின் மகனும் ஒருவன். பதினான்கு வயது ஹென்றி ஃபோண்டா. எல்லாம் முடிந்ததும் அப்பாவும் மகனும் பேச்சில்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டு அவர் படங்களை வரிசையாகப் பாருங்கள். 1939-இல் 'யங் மிஸ்டர் லிங்கன்', சிறை வாசலில் நின்று தூக்குக் கும்பலைப் பேசியே கலைக்கும் இளம் வக்கீல். அதற்கும் ஆக்ஸ்-போவுக்கும் திரைக்கதை எழுதியவர் லமார் ட்ராட்டிதான். 1956-இல் ஹிட்ச்காக்கின் 'தி ராங் மேன்', ஆள்மாறாட்டத்தால் கைதான இசைக்கலைஞர், அது உண்மைச் சம்பவம். 1957-இல் '12 ஆங்ரி மென்', பதினொரு பேர் குற்றவாளி என்று கை தூக்கும்போது கொஞ்சம் பேசிப் பார்ப்போமே என்று சொல்லும் ஒற்றை ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களில் ஒருவர். அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவரே. ஆக்ஸ்-போவில் அவர் கும்பலைத் தடுக்கும் வீரன் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஏழு பேரில் ஒருவனாக நின்றும் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தவன்.

மேற்கின் பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கறுப்பினத்தவருக்கான கல்வி நிறுவனமான டஸ்கீகி நிறுவனம் தொகுத்த பதிவுகளின்படி 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் 4,743 பேர் இப்படிக் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவர நாடாளுமன்றத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள் தோற்றன. 1955-இல் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மட் டில் பெயரில் அந்தச் சட்டம் கடைசியில் கையெழுத்தானது 2022 மார்ச்சில். படத்தில் சாகும் மூவரில் ஒருவன் மெக்சிகோக்காரன், பிரார்த்தனை செய்பவர் கறுப்பினத்தவர். பார்வையாளருக்கு அந்த வரலாறு நினைவுக்கு வரவேண்டும் என்றே அவர்களை அங்கே நிறுத்தியிருப்பதாக நான் நினைக்கிறேன்.

வால்டர் வான் டில்பர்க் கிளார்க் 1940-இல் எழுதிய நாவல்தான் படத்துக்கு மூலம். வெளியானபோது படம் சரியாக ஓடவில்லை. உலகப் போரின் நடுவே, வெற்றி வீரர்களைப் பார்க்க வந்த மக்களுக்கு இப்படி ஒரு படம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. ஆனாலும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, அந்த ஒரே ஒரு பரிந்துரை மட்டும். விருதைக் 'காசபிளாங்கா' கொண்டுபோனது. குறைகளும் உண்டு. கில்லின் பழைய காதலி நடுவழியில் கோச்சு வண்டியில் வந்து இறங்கும் காட்சி கதையில் ஒட்டவே இல்லை. இரவுக் காட்சிகளை ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்திருக்கிறார்கள். மரமும் பாறையும் செட் என்று தெரியும். எனக்கு அது உறுத்தவில்லை. வானமும் காற்றும் இல்லாத அந்த அடைத்த இடத்தில் கும்பல் இன்னும் நெருக்கமாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

கடைசிக் காட்சி மீண்டும் மதுக்கடையில். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்ப்பதில்லை. மார்ட்டினின் மனைவிக்காக ஐந்நூறு டாலர் வசூலாகியிருக்கிறது. கில் கடிதத்தை எடுத்து ஆர்ட்டுக்குப் படித்துக் காட்டுகிறான். நாவலில் அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று வாசகருக்குக் கடைசிவரை தெரியாது. படத்தில் முழுவதும் கேட்கிறோம். விடிந்தால் சாகப்போகிற ஒரு பண்ணைக்காரன் மனைவிக்கு எழுதியதைவிட, சட்டத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லும் உரைபோல அது ஒலிக்கிறது என்பது உண்மை. கிளார்க் மூடி வைத்ததே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வெல்மன் அதை எடுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். முன்னால் நிற்கும் ஆர்ட்டின் தொப்பி விளிம்பு, படிக்கும் ஃபோண்டாவின் கண்களைச் சரியாக மறைக்கிறது. உதடுகள் மட்டும் தெரிகின்றன. கண்ணே இல்லாத ஒரு முகம் செத்தவனின் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

படித்து முடித்ததும் இருவரும் வெளியே வந்து குதிரை ஏறுகிறார்கள். எங்கே போகிறோம் என்று ஆர்ட் கேட்கிறான். கடிதம் மனைவிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதானே சொன்னான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றுதானே சொன்னான் என்கிறான் கில். தெருவில் அதே நாய் குறுக்கே போகிறது. குதிரைகள் பைக்ஸ் ஹோலை நோக்கிப் போகின்றன, முந்தின இரவு யாராவது ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று மார்ட்டின் கேட்ட அதே ஊருக்கு.